மூன்றாவது படி சூடாக இருந்தது

போக்குவரத்துக் காவலர் நின்றால் பச்சை விளக்கிலும் வண்டியை நிறுத்திவிடும் ரகம் நான். தி.நகர் துணிக்கடை வாசலில் வேறு யாருக்காகவோ எச்சரிக்கை மணி அடித்தால், யாரும் கேட்காமலேயே என் பையைத் திறந்து காவலாளியிடம் காட்டுவேன். தப்பு செய்தவர்களைவிட ஒன்றும் செய்யாதவர்களுக்குத்தான் பயம் அதிகம் என்பது என் அனுபவம். அவர்களுக்காவது என்ன செய்தோம் என்று தெரியும். எங்களுக்கு அதுவும் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு நவராத்திரியின் ஏழாம் நாள் மதியம், யாழினிக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது, எங்கள் இன்டர்நெட் கம்பெனியிடமிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது.

அதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, வேலை. யாழினி பிறந்ததிலிருந்து மூன்று வருடங்கள் வீட்டில்தான் இருந்தேன். பழைய வேலை மறந்துபோய்விட்டதோ, இனி யாராவது என்னை வேலைக்குக் கூப்பிடுவார்களோ என்று தினமும் ஒரு வேளையாவது கவலைப்படுவேன் (பெரும்பாலும் பாத்திரம் தேய்க்கும்போது). தரமணியில் இருக்கும் ஒரு கம்பெனி கூப்பிட்டது. பள்ளிப் பாடப்புத்தகங்களில் பிழை திருத்தும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். அந்தக் கம்பெனியின் முதலாளிக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை உண்டு. விஜயதசமியன்று காலை ஒன்பது மணிக்கு வேலையில் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பதினொரு பக்க ஒப்பந்தம். அதன் ஒன்பதாம் பக்கத்தில், என் வீட்டு இணைய இணைப்பை வெளியாட்கள் யாரும் பயன்படுத்த மாட்டார்கள், அதன்மேல் பதிப்புரிமை மீறல் புகார் எதுவும் கிடையாது என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு, கொலு. எங்கள் மந்தைவெளி வீட்டுக் கொலுவுக்குத் தனியாகப் படிக்கட்டு கிடையாது. எட்டுக் குடித்தனம் உள்ள அடுக்ககத்தில், இரண்டு அறை வீட்டில், வருடத்துக்கு ஒன்பது நாள் வேண்டிய படிக்கட்டை மற்ற நாட்களில் எங்கே வைப்பது? கிடைத்ததை அடுக்குவோம். முதல் படிக்கு இரண்டு சூட்கேஸ். இரண்டாவதுக்கு யாழினியின் பழைய துணி அடைத்த அட்டைப்பெட்டிகள். அந்த வருடம் மூன்றாவதுக்கு ஒரு பக்கம் அரிசி டின், மறுபக்கம் என் கணவர் கார்த்திக்கின் கல்யாணத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் பெட்டி. ஹால் மூலையில் துணி போர்த்தி மூன்று வருடமாகச் சும்மா நின்றது அது. இருந்த இடத்திலேயே அதன் மேல் பலகையைப் போட்டுவிட்டேன். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. மேலே வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் பெட்டியும் டின்னும் கம்ப்யூட்டரும் ஒன்றுதான். எல்லாம் படி.

அந்த வருடம் கொலுவுக்கு முன்னால் ஒரு கடைத்தெரு அமைத்தேன். அதன் முனையில் ஒரு களிமண் போலீஸ்காரர். எங்கள் ஹாலில் போன் சிக்னல் கிடைக்காது. வருகிறவர்கள் கொலுவைப் படமெடுத்து அனுப்ப முடியாமல் ஜன்னலோரம் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பாவமாக இருந்தது. எங்கள் வைஃபையில் சேர்வதற்கான கட்டம் கட்டமான படத்தை அச்சடித்து, ஒரு சிறிய அட்டையில் ஒட்டி, போலீஸ்காரர் கையில் மாட்டினேன். வருகிறவர்கள் போனைக் காட்டினால் போதும்.

“ஒன்பதாம் பக்கம்?” என்றார் கார்த்திக்.

“அது வேலைல சேர்ந்த அப்புறம்தானே?” என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

கொலு அமோகமாக நடந்தது. மூன்றாம் நாள் மாலை மேல் வீட்டு ருக்மிணி மாமி மூன்றாவது படியில் கை வைத்துக் கும்பிட்டவர், கையை எடுக்கவே இல்லை.

“நித்யா, இங்க வாயேன். இந்தப் படியில மட்டும் ஒரு உஷ்ணம் தெரியறது பாரு. கை வச்சா மெல்ல அதிர்றது. அம்பாள் வந்து உக்காந்துண்டிருக்கா!”

தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. சீரியல் விளக்கின் சூடாக இருக்கும் என்று ஒரு மனது சொன்னது. மாமி இவ்வளவு நிச்சயமாகச் சொல்லும்போது நாம் விளக்கு என்று சொன்னால் தெய்வக்குற்றம் ஆகிவிடுமோ என்று இன்னொரு மனது சொன்னது. எனக்கு எப்போதும் இரண்டாவது மனதுதான் ஜெயிக்கும். போதாக்குறைக்கு யாழினியும், “அம்மா, பொம்மை ம்ம்ம்னு சொல்லுது” என்றாள். மாமிக்குப் புல்லரித்துவிட்டது.

ஐந்தாம் நாளிலிருந்து மூன்றாவது படிக்குத் தனி வரிசை. எதிர் அடுக்ககத்திலிருந்து வந்த ஒருவர் மகனின் ஜாதகத்தை வைத்து எடுத்துப்போனார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்திருந்தது.

இனி அந்த மின்னஞ்சல்.

‘உங்கள் இணைப்பின் வழியாகப் பதிப்புரிமை பெற்ற திரைப்படம் ஒன்று அனுமதியின்றிப் பகிரப்பட்டதாக உரிமையாளர் தரப்பிலிருந்து புகார் வந்துள்ளது’ என்று ஆரம்பித்தது. நாள், நேரம் எல்லாம் இருந்தன. முந்தைய நாள் மாலை ஆறு மணி பத்து நிமிடம். மூன்று நாட்களுக்குள் பதில் தராவிட்டால் இணைப்பு நிறுத்தி வைக்கப்படும். அந்த மூன்று நாள் முடிந்து விடிவது விஜயதசமி காலை. கீழே இரண்டு கட்டங்கள். ‘மீறலை ஒப்புக்கொள்கிறேன்.’ ‘மறுக்கிறேன்.’

தயிர்சாதக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒப்புக்கொண்டால், வேலையில் சேரும் முன்பே நான் பதிப்புரிமைக் குற்றவாளி. பாடப்புத்தகக் கம்பெனியில் அப்படி ஒருத்தியை எப்படி வைத்துக்கொள்வார்கள்? மறுத்தால், அது பொய்யாக இருந்துவிட்டால்? பேசாமல் இருந்தால் இணைப்பே போய்விடும். ஒன்பது மணிக்கு எதை வைத்து வேலை பார்ப்பது?

அதைவிடப் பெரிய பயம் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆறு பத்துக்குப் படம் போனது தெரிந்திருக்கிறது என்றால், மற்றதெல்லாமும் தெரிந்திருக்குமே! யாரோ ஒருவர் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மூன்று வருடங்களாக நான் தேடியதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. ‘குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை தும்மலாம்.’ ‘மாமியார் மனம் நோகாமல் ரசத்தில் உப்பு அதிகம் என்று சொல்வது எப்படி.’ ‘நல்ல அம்மாவா என்று கண்டுபிடிக்கப் பத்துக் கேள்விகள்.’ (அந்தப் பத்துக் கேள்விகளுக்கு நான் நாலு தடவை பதில் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் பிடிக்கவில்லை.)

கார்த்திக்குக்குப் போன் செய்தேன்.

“அது மெஷின் அனுப்பற மெயில் நித்யா. பதட்டப்படாத.”

“மெஷினுக்கு எப்படிங்க நம்ம வீட்டு அட்ரஸ் தெரியும்?”

“நாமதானே குடுத்தோம், கனெக்‌ஷன் வாங்கறப்ப.”

இந்த மாதிரி பதில்களால் எனக்கு ஒருபோதும் ஆறுதல் கிடைத்ததில்லை.

நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். ரவுட்டரின் பக்கத்துக்குள் போனால் எந்தெந்தக் கருவிகள் எந்தெந்த நேரத்தில் நம் வைஃபையில் இருக்கின்றன என்று பார்க்கலாம் என்று கார்த்திக் எப்போதோ காட்டியிருந்தார். போனேன். எங்கள் வீட்டில் உள்ளவை மூன்று. பட்டியலில் இருந்தவை இருபத்துமூன்று! போலீஸ்காரர் கையில் நான் மாட்டிய அட்டை நன்றாக வேலை செய்திருந்தது.

முதலில் சங்கடமாக இருந்தது, அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப்பார்ப்பது போல. இரண்டு நிமிடத்தில் சங்கடம் போய் சுவாரசியம் வந்துவிட்டது. கீழ் வீட்டுக்காரரிடம் இரண்டு போன்கள் இருக்கின்றன. ருக்மிணி மாமியின் டேப்லெட் மதியம் இரண்டு மணிக்குக்கூடத் தூங்குவதில்லை. என்னை ஒருவர் கவனிக்கிறாரே என்று நடுங்கிக்கொண்டிருந்தவள், மொத்தக் குடியிருப்பையும் கவனித்துக்கொண்டிருந்தேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் பட்டியலின் அடியில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டேன்.

‘கில்லாடி.’

தினமும் மாலை ஆறு மணிக்கு உள்ளே வருகிறது. ஒன்பதுக்குப் போய்விடுகிறது. யார் வைத்துக்கொள்வார்கள் இப்படி ஒரு பெயரை? எனக்குத் தெரிந்து எங்கள் கட்டடத்தில் அந்த வார்த்தையைச் சொல்கிறவர் ஒருவர்தான். ருக்மிணி மாமியின் கணவர், குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுந்தரம் மாமா. தண்ணீர் மோட்டார் ரிப்பேரிலிருந்து குறுக்கெழுத்துப் போட்டி வரை எதைச் செய்து முடித்தாலும், “இந்த மாதிரி விஷயத்துல நான் கில்லாடியாக்கும்” என்பார். தியேட்டருக்குப் போவதில்லை என்றும் பெருமையாகச் சொல்வார். எல்லாம் பொருந்தியது. (பொருந்தாததும் பொருந்தும், எனக்கு அவசரம் என்றால்.)

அன்று மாலையே மாடி ஏறினேன். நேராகக் கேட்காமல் நாசூக்காகக் கேட்பதாக நினைப்பு.

“மாமா, நேத்து ஆறு மணிக்குப் படம் ஏதாவது பார்த்தீங்களா?”

“ஆறு மணிக்கா? சந்தியாவந்தனம் பண்ணிண்டிருந்தேன். ஏன்?”

“இல்ல… சில பேர் இன்டர்நெட்லேர்ந்து படம் எடுக்கறாங்க. தப்புன்னு தெரியாமக்கூட எடுத்துடுவாங்க. சொன்னா நான் யார்கிட்டயும்…”

மாமா கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, என் ஆத்துக்கே வந்து என்னைத் திருடன்ங்கறயா?”

“ஐயோ இல்ல மாமா! உங்க போன் எப்பவும் எங்க வைஃபைல இருக்கே, அதான்…”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“ரவுட்டர்ல பார்த்தேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. ருக்மிணி மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் இந்த ஒரு வாக்கியம் மட்டும் சமையலறை வரை தெளிவாகக் கேட்டிருக்கிறது. கரண்டியோடு வந்து நின்றார்.

“அப்போ நான் என்ன பாத்தேன்னும் உனக்குத் தெரியுமா?”

“தெரியாது மாமி. யார் இருக்காங்கன்னு மட்டும்தான்…”

மாமி நம்பவில்லை. வாசல் வரை வழியனுப்புவது போல வந்து, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார். “மத்தியானத்துல காதுக்கு வச்சுக்கற மெஷின்தான் பாத்துண்டிருந்தேன். மாமாட்ட சொல்லிடாதேடி. ‘உனக்கு வயசாயிடுத்தா’ன்னு சிரிப்பார்.”

மாமி யாரிடமும் சொல்ல விரும்பாத ஒன்றை, நான் கேட்காமலேயே பறித்துக்கொண்டு படி இறங்கினேன்.

மறுநாள் எட்டாம் நாள். அஷ்டமி. ‘நித்யா எல்லாரோட போனையும் பாக்கறாளாம்’ என்பது எட்டுக் குடித்தனத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. மாலை ஆறு மணிக்கு விளக்குகளைப் போட்டு, மூன்று உழக்குக் கொண்டைக்கடலை சுண்டலோடு காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஏழரைக்குக் கீழ் வீட்டுப் பெண் மட்டும் வந்தாள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையை எனக்குக் காட்டிவிட்டு உள்ளே நுழைந்தாள். அம்பாள் மூன்றாவது படியில் சூடாக உட்கார்ந்திருந்தாள். நானும் கார்த்திக்கும் யாழினியும் சுண்டல் சாப்பிட்டோம். ராத்திரிச் சாப்பாடும் அதுதான்.

ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. பண்டிகை நாளென்று காலையிலேயே சீரியல் விளக்கையும் போட்டுப் பூஜையை முடித்தேன்; விளக்கை அணைக்கவில்லை. பிறகு இரண்டு பக்கத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று தெரியாததால், மனசாட்சிக்குப் பட்ட எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று முடிவு. ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்த கார்த்திக், “நானும் வரேன்” என்றார். வேண்டாம் என்று யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். குழந்தையோடு போய் நின்றால் இரக்கப்படுவார்கள் என்று ஓர் எண்ணம் (வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான்).

இன்டர்நெட் கம்பெனியின் கிளை, மருந்துக்கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. உள்ளே சாம்பிராணிப் புகை. மேசையில் ரவுட்டர்களை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்திப்பூ. ஒயர் கட்டுகளுக்கு மாலை. இடுக்கிகளும் திருப்புளிகளும் தட்டில். கம்ப்யூட்டர் திரையில் மூன்று பட்டை விபூதி. லைன் வேலை பார்க்கும் செல்வம் அண்ணன் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கிளைப் பொறுப்பாளர் நஸ்ரீன் மேடம் பொரிகடலையைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு ஊழியர்கள் சுற்றிலும்.

“இன்னா மேடம், லைன் போச்சா?” என்றார் செல்வம் அண்ணன்.

“இல்லண்ணா. இனிமேதான் போகப் போகுது” என்று சொல்லிக் கடிதத்தை எடுத்தேன். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். பதட்டத்தில் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

“மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா. கல்லூரியில் படிக்கும்போது நூலகப் புத்தகம் ஒன்றை முழுவதுமாக ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். என் அத்தை மகன் பென் டிரைவில் கொடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனை என்று நினைவில்லை. என் மகளுக்கான தாலாட்டு வீடியோக்களைச் சேமித்து வைத்திருக்கிறேன். என் கணவரின் போனை அவருக்குத் தெரியாமல் இரண்டு முறை…”

“மேடம், மேடம்!” நஸ்ரீன் மேடம் ஓடி வந்து கடிதத்தின் மேல் கையை வைத்தார். அறையே பொரியை மெல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. “இதெல்லாம் நாங்க கேக்கவே இல்லையே!”

“ஒப்புக்கறேன், மறுக்கறேன்னு ரெண்டே கட்டம் இருக்கே மேடம். எதுல டிக் போடறதுன்னு தெரியல.”

என் போனை வாங்கி, விரலால் மின்னஞ்சலை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினார். அங்கே மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது. ‘எனக்குத் தெரியவில்லை, சரிபார்க்க உதவி தேவை.’

மூன்று நாளாக எனக்காகவே காத்திருந்த கட்டம். நான்தான் அவ்வளவு தூரம் கீழே போய்ப் பார்க்கவில்லை.

அழுதுவிட்டேன். என்னைப் பார்த்து யாழினியும் அழுதாள். செல்வம் அண்ணன் பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பொரி கொடுத்தார். நஸ்ரீன் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

“உங்க கம்ப்யூட்டர்ல பாத்து யாருன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம். எங்க பில்டிங்ல இருபது பேர் இருக்காங்க.”

“கம்ப்யூட்டர் பூஜைல இருக்கு. நாளைக்குதான் தொடுவோம்.” பிறகு சிரிக்காமல் சொன்னார்: “ஆனா நாளைக்கும் சொல்ல மாட்டேன். படத்துக்குச் சொந்தக்காரங்க வெளியிலேர்ந்து பாத்து ஒரு நம்பரும் நேரமும் குடுக்கறாங்க. அது உங்க லைன்னு தெரிஞ்சு, கடிதத்தை உங்களுக்கு அனுப்பினோம். உங்க பேரை அவங்களுக்குக் குடுக்கல. நீங்க எந்த வெப்சைட் வாசலுக்குப் போறீங்கன்னு ஓரளவுக்கு எங்களுக்குத் தெரியும். உள்ள என்ன பேசறீங்கன்னு தெரியாது. தெரிஞ்ச கொஞ்சத்தையும் சட்டப்படி கேக்க வேண்டியவங்க கேட்டாதான் குடுப்போம். அடுத்த வீட்டைப் பத்தி உங்களுக்கு சொல்ல ஆரம்பிச்சா, உங்களைப் பத்தி அவங்களுக்கும் சொல்ல வேண்டி வரும். வேணுமா?”

ருக்மிணி மாமியின் கரண்டி நினைவுக்கு வந்தது. “வேண்டாம்” என்றேன்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கேயும் பூஜை போல; மணி அடிக்கும் சத்தம் கேட்டது. “கஸ்டமர் நேர்ல வந்திருக்காங்க. சரிபார்க்க ஆள் அனுப்பறேன். அதுவரைக்கும் லைனை நிறுத்தாதீங்க. ஆமா, என் பொறுப்பு” என்றார். இன்றுவரை நான் மறக்காத இரண்டு வார்த்தைகள். யாரென்று தெரியாத ஒருத்திக்காக, பண்டிகை நாளில் ஒருவர் சொன்னவை.

பிறகு என் கடிதத்தை நாலாக மடித்தார். “இதை நான் கேக்கல. யாரும் கேக்கல, என்னப்பா?” என்றார். எல்லோரும் ஒரே குரலில் “கேக்கல மேடம்” என்றார்கள். அந்தத் தாளிலேயே பொரிகடலையைக் கட்டி யாழினியின் கையில் கொடுத்தார்.

செல்வம் அண்ணன் எங்களோடு வந்தார். “டூல்ஸெல்லாம் பூஜைல கீது மேடம். கையால இன்னா முடியுமோ பாக்கறேன்.”

வீட்டுக்கு வந்ததும் ரவுட்டர் பட்டியலைக் கேட்டார். பார்த்தவர் நிமிர்ந்தார். “யாரு மேடம் இந்தக் கில்லாடி? இப்போகூட உள்ளதான் கீறாரு.”

ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்த சந்தனக் கையோடு வாசலில் நின்ற கார்த்திக்கின் முகம் மாறியது.

“கில்லாடியா?”

“ஆமாங்க. தெருவுல யாரோ ஒரு ஆள்.”

“தெருவுல இல்ல” என்றார் கார்த்திக். “அது… காலேஜ்ல… நான்தான். என் பழைய கம்ப்யூட்டருக்கு அந்தப் பேருதான் வெச்சிருந்தேன்.”

மூவரும் ஒரே நேரத்தில் கொலுவைத் திரும்பிப் பார்த்தோம்.

செல்வம் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று. மூன்றாவது படியில் உள்ளங்கையை வைத்தார். “மேடம்,” என்றார் பயபக்தியோடு, “சாமி சூடா கீது.”

வேட்டியின் ஓரத்தை மெதுவாகத் தூக்கினார். உள்ளே இருட்டில் ஒரு பச்சை விளக்கு மினுக்கியது. ம்ம்ம் என்று விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நடந்தது இதுதான்: அந்தப் பெட்டியின் ஒயர் மூன்று வருடமாக மூலையிலிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே சொருகியிருந்தது. அதே பாக்ஸில் நான் சீரியல் விளக்கையும் சொருகினேன். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். மின்சாரம் வந்தால் தானே எழுந்துகொள்ளும்படி கார்த்திக் தன் பிரம்மச்சாரி நாட்களில் அதைப் பழக்கி வைத்திருக்கிறார். எங்கள் வைஃபை கடவுச்சொல் கல்யாணத்துக்கு முன்பிருந்து மாறவே இல்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு நான் பக்தியோடு விளக்கைப் போட, கீழே கில்லாடி கண் விழித்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்திருக்கிறான்.

டிவி ஒயரைப் பிடுங்கி அந்தப் பெட்டியில் மாட்டினார் செல்வம் அண்ணன். “தொறந்து பாக்கலாமா சார்?”

கார்த்திக் தயங்கினார். “முதல்ல நான் மட்டும் பாத்துடறேனே.”

மெஷின் மெயில், பதட்டப்படாதே என்று எனக்குச் சொன்ன மனிதர். நான் சமையலறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். செல்வம் அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். பார்க்காமல் திரும்பிக்கொள்வது, இரண்டு நாளில் நான் கற்றுக்கொண்ட நாகரிகம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கார்த்திக் கூப்பிட்டார். அண்ணன் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “மூணு வருஷமா பாதில நின்ன படம் சார். கொலு ரெண்டாம் நாளு எறங்கி முடிஞ்சிகீது. இது எடுத்துட்டு சும்மா இருக்காது. எடுத்ததை ஊர்ல கேக்கறவனுக்கெல்லாம் குடுத்துக்கினே இருக்கும். உங்க வீட்ல ஹாலுக்கு வந்தவங்களுக்கு சுண்டலு, அந்தாண்ட ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் படம்!”

ஒயரைப் பிடுங்கினார். விளக்குகள் அணைந்தன. அந்த ம்ம்ம் நின்றது. யாழினி மூன்றாவது படியருகே போய்க் குனிந்து, “பொம்மை தூங்கிடுச்சு” என்றாள்.

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டு, கண்டுபிடித்ததை எழுதினேன். வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன். போலீஸ்காரர் கையிலிருந்த அட்டையை எடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் மற்ற ஏழு குடித்தனத்துக்கும் நேரில் போய், படம் கொடுத்தது எங்கள் கொலுதான் என்றும், பட்டியலைப் பார்த்தது என் தப்பு என்றும் சொன்னேன். கடைசியாக, சுந்தரம் மாமா வீடு.

மாமா எழுந்து வரவில்லை. குறுக்கெழுத்திலிருந்து நிமிராமல், “அப்போ கில்லாடி யாரு?” என்றார்.

“கார்த்திக், மாமா.”

பேனா நின்றது. “பேரை மட்டும் என்கிட்டேருந்து திருடியிருக்கானாக்கும்!” என்று சொல்லிச் சிரித்தாரே, அதற்கு நான் எத்தனை ஜென்மம் கடன்பட்டிருக்கிறேனோ. அன்று மாலை முதல் ஆளாக அவர்தான் கொலுவுக்கு வந்தார். பின்னாலேயே மற்றவர்கள். போன்களோடு.

விஜயதசமி காலை ஒன்பது மணிக்கு வேலையில் சேர்ந்தேன். கேட்காததைச் சொல்லாதீர்கள் என்று நஸ்ரீன் மேடம் சொல்லியும், ஒன்பது ஐந்துக்கு என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் (குணம் மாறுமா?). “உங்க வீட்ல எத்தனை படி?” என்றார் அந்த அம்மா. ஐந்து என்றேன். “எங்க வீட்ல ஒன்பது. நாலாவது படிக்கு அடில பிரிண்டர் இருக்கு. ஒரு நிமிஷம் இருங்க, பாத்துட்டு வரேன்.” அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன்.

கடிதம்? பொரியைத் தின்று முடித்ததும் கார்த்திக் தாளைப் பிரித்துப் படித்துவிட்டார். “ரெண்டு தடவைதானா?” என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. அந்தத் தாளில் பொரிக்கறை அதிகம் என்பதால் அவருக்கு மீதி தெரியவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

யாழினி இப்போது இரண்டாம் வகுப்பு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மருந்துக்கடைக்கு மேலே உள்ள அந்த அறைக்கு ஒரு தூக்குச் சுண்டல் கொண்டுபோகிறோம். ஒவ்வொரு நவராத்திரிக்கும் சுந்தரம் மாமா வாசலில் நின்று, “பிளக்கைப் பிடுங்கியாச்சா? நான் உள்ள வரலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்துவைக்கிறார்.

ருக்மிணி மாமிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். நான் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிடுவது மேல் என்று அந்த வாரமே மாமாவிடம் காது மெஷின் சமாசாரத்தைச் சொல்லிவிட்டார். மாமா சிரிக்கவில்லையாம்; மறுநாளே அடையாறில் காது டாக்டரிடம் அழைத்துப்போனாராம். மெஷின் வந்துவிட்டது. அந்தப் படியில் வேண்டிக்கொண்டதே அதற்காகத்தானாம். அதனால் யார் என்ன சொன்னாலும் மாமிக்கு மூன்றாவது படிதான் விசேஷம்.

போன நவராத்திரியிலும் வந்தார். அரிசி டின் இரண்டு வைத்துக் கட்டிய மூன்றாவது படியில் கையை வைத்தார். பிறகு தலையைச் சாய்த்து, மெஷின் மாட்டிய காதைப் படியோடு ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

“என்ன மாமி?”

“அன்னிக்குக் காது கேக்காதப்பவே அம்பாள் இருக்கறது தெரிஞ்சுதுடி. இப்போ மெஷின் வச்சுண்டும் ஒண்ணும் கேக்கலியே!” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அந்தப் பெட்டியை ஒரு நாளைக்கு வச்சுப் பாப்போமா? படம் வேண்டாம். சும்மா, சூட்டுக்கு.”